நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து

டெல்மர் டாக்கெட்டுக்குப் பொறுமை என்ற ஒன்று கிடையாது. மகள் ரேலின் இன்னும் முடிவே சொல்லவில்லை. அதற்குள் வெதர்லி கல்லூரியின் ஸ்டிக்கரைத் தன் டிரக்கின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, கென்டக்கியின் அந்த மலைப்பக்கம் முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டார். பெட்ரோல் பங்கில் பின்னால் ஒரு வண்டி நின்றால் போதும், அவர்கள் ஹாரன் அடிக்கும்வரை நகரமாட்டார். படித்துப் பார்க்கட்டுமே.

ரேலினுக்கு டாக்டராக வேண்டும். ஆசை என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. ஊரில் இருந்த ஒரே டாக்டர் மூட்டை கட்டியதிலிருந்து, காய்ச்சல் கண்ட குழந்தையைக்கூட இரண்டு மலை தாண்டித் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வருகிறேன் என்று சொன்ன டாக்டர்கள் எவரும் வந்து சேரவில்லை. இனி வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள், நான்தான் படித்துவிட்டு வரவேண்டும் என்று அவள் முடிவு கட்டி நாளாகிவிட்டது. ஆனால் மருத்துவக் கல்லூரிக் கதவைத் தட்டுமுன் வேறொரு கல்லூரியில் நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கியாக வேண்டும். ஊர் மெச்சும் வெதர்லியும் இடம் கொடுத்திருந்தது, யாரும் மெச்சாத மாநிலப் பல்கலைக்கழகமும் கொடுத்திருந்தது. மே முதல் தேதிக்குள் ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும். ஏப்ரல் முடியப்போகிறது.

அந்தச் சனிக்கிழமை, இடம் கிடைத்தவர்களையும் பெற்றோரையும் வெதர்லி விருந்துக்கு அழைத்திருந்தது. வான்கோழி சாண்ட்விச், எலுமிச்சைச் சாறு, எல்லார் கழுத்திலும் பெயர் அட்டை. மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர்களைக் கவனிக்கும் பேராசிரியை பெல்லமி மேடையேறினார்.

"எங்ககிட்டேருந்து மருத்துவக் கல்லூரிக்கு அப்ளை பண்றவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு சீட் கிடைக்குது" என்றார்.

அரங்கம் கைதட்டியது. டெல்மர் விசிலே அடித்துவிட்டார். ரேலின் கையைத் தூக்கினாள்.

"முதல் வருஷம் சேரும்போது டாக்டராகணும்னு எத்தனை பேர் வர்றாங்க, மேடம்?"

"நிறைய பேர் வருவாங்க. போகப்போகப் பலருக்கு வேற ஆர்வம் வந்துடும்."

"எத்தனை பேருக்கு வந்துடும்?"

சிலர் சிரித்தார்கள். பெல்லமியும் சிரித்தார். "அந்தக் கணக்கு நாங்க வச்சுக்கிறதில்லம்மா."

தொண்ணூற்றைந்தை எண்ணத் தெரிந்தவர்களுக்கு இதை எண்ண மட்டும் விரல் போதவில்லை போலிருக்கிறது. ரேலின் உட்கார்ந்தாள், ஆனால் அந்தப் பதில் அவளுக்குச் செரிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கல்லூரியைச் சுற்றிக்காட்ட குவென் என்ற கடைசி வருட மாணவி வந்தாள். கூட்டத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து, சோதனைக்கூடம், நூலகம் என்று ஒப்பித்துக்கொண்டு போனாள். தானும் டாக்டராகத்தான் இங்கே சேர்ந்ததாக நடுவில் சொல்லிவைத்தாள். ரேலின் முன்னால் போய் அவளோடு சேர்ந்துகொண்டாள்.

"உங்களுக்கு எந்த மருத்துவக் கல்லூரில சீட் கிடைச்சிருக்குக்கா?"

"நான் அப்ளையே பண்ணல" என்றாள் குவென்.

"ஏன்?"

பின்னோக்கி நடந்தவள் நின்றாள். கூட்டம் கொஞ்சம் தள்ளிப்போகக் காத்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இங்க ஒரு கமிட்டி இருக்கு. அவங்க சிபாரிசு லெட்டர் கொடுத்தாத்தான் உண்டு. லெட்டர் இல்லாம அப்ளை பண்ணினா, இவ காலேஜே இவளை நம்பலையேன்னுதான் மருத்துவக் கல்லூரில கேப்பாங்க. கெமிஸ்ட்ரில ஒரு தடவை சறுக்கிட்டேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்னு சொல்லி, லெட்டர் இல்லைன்னுட்டாங்க."

"அப்போ அந்த நூறுல நீங்க இல்லையா?"

"நான் எந்த நூறுலயும் இல்ல."

ரேலின் நேராகத் திரும்பி அரங்கத்துக்கு நடந்தாள். மேசையருகே பெல்லமி காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், என் மார்க் கொஞ்சம் குறைஞ்சுட்டாலும், நான் கேட்டா எனக்கு லெட்டர் கொடுப்பீங்களா?"

பெல்லமி கெட்டவர் இல்லை. பொய் சொல்லவில்லை. "நிச்சயமில்லாதவங்களை அனுப்பி, அவங்க மனசு உடையிறதை நாங்க விரும்பலம்மா" என்றார்.

"தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு ரேலின் வெளியே வந்தாள்.

டிரக் மலைப்பாதையில் ஏறியது. அவள் ஒரே மூச்சில் சொன்னாள். "நான் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போறேன்ப்பா. அங்க கமிட்டியே கிடையாது. பாடம் எடுத்த வாத்தியாருங்களே லெட்டர் எழுதித் தருவாங்க."

டெல்மருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "பயந்துட்டியா?"

"இல்ல."

"பின்ன என்ன? அந்தம்மா செஞ்சதுல என்ன தப்பு? எந்தக் கோச்சும் அதைத்தான் செய்வான். நான் மண்டலப் போட்டிக்குக் கண்டவனையுமா அனுப்புறேன்?"

அவர் ரேலின் படிக்கும் பள்ளியின் ஓட்டப்பந்தயக் கோச். டெல்மர் அனுப்பிய பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பியதில்லை என்று ஊரில் அவருக்குப் பெரிய பெயர்.

"என்னை அனுப்பலையேப்பா" என்றாள் ரேலின். "போன வருஷம் டீம்ல ஒரு இடம் காலியா இருந்துச்சு. அதைக் காலியாவே விட்டீங்க."

டெல்மர் கியரை மாற்றி இரண்டு வளைவுகளைக் கடந்தார்.

"நீ ஜெயிச்சிருக்க மாட்டே கண்ணு" என்றார் கடைசியில், மெதுவாக.

"தெரியும். கடைசியாத்தான் வந்திருப்பேன். ஆனா ஓடியிருப்பேன்ல?" அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "மருத்துவக் கல்லூரிக்காரங்க என்னைப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லட்டும், நான் மறுபடி கேப்பேன். அவங்க பார்க்கிறதுக்கு முன்னாடியே யாரோ என்னை ஒதுக்கிவைக்க நான் விடமாட்டேன்."

அவள் செல்பேசியை எடுத்தாள். பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் சம்மதம் என்ற பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த மலை வளைவுகளில் எந்தக் காலத்தில் சிக்னல் கிடைத்தது? வீடு போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு அப்பன் எவ்வளவோ பேசலாம், கெஞ்சலாம், அம்மாவையும் கூட்டுச் சேர்க்கலாம். அது டெல்மருக்கும் தெரியும்.

அவர் வீட்டுக்குப் பிரியும் சாலையை விட்டுவிட்டுச் செல்பேசிக் கோபுரம் இருக்கும் மேட்டுக்கு வண்டியைத் திருப்பினார். கரடுமுரடான பாதை, டிரக் முனகிக்கொண்டே ஏறியது. உச்சியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"இங்க சிக்னல் கிடைக்கும்" என்றார். "அனுப்பு."