பதினேழாம் நம்பர் டோக்கன்

டோக்கனைத் தர முடியாது என்று சண்முகத்தாய் சொன்னதும், அவள் அம்மா அழகுத்தாயின் கையிலிருந்த காப்பி தளும்பிப் பாயில் சிந்தியது. பாயில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் சட்டைப் பையிலும் ஒரே நடிகரின் படம் குத்தியிருந்தது.

ஒருவர் மாரிசாமி. ராஜபாளையம் ஜெயதீபன் ரசிகர் மன்றச் செயலாளர். அதே தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். இன்னொருவர் சங்கிலிப்பாண்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் மன்றத் தலைவர். போன வாரம்வரை இவர்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்ததில்லை.

மன்றங்கள் இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு கதைப் போட்டி நடத்தும். ஜெயதீபனின் அடுத்த படத்துக்கு ஒரு கதை எழுத வேண்டும். படம் எடுப்பவர்கள் யாரும் அப்படி ஒரு கதையைக் கேட்டதில்லை. அதைப் பற்றி மன்றத்துக்குக் கவலையும் இல்லை. பரிசு பெரியது. தீபாவளியன்று புதுப்படம் வரும்போது கட்-அவுட்டுக்கு முதல் பால் ஊற்றும் உரிமை. அதைவிடப் பெரிய பரிசை இரண்டு ஊரிலும் யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கட்-அவுட் ராஜபாளையத்தின் பொறுப்பு. பால் ஸ்ரீவில்லிபுத்தூரின் பொறுப்பு. பால்கோவா ஊர்க்காரர்கள் அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

போன வருஷம் முதல் பரிசு மாரிசாமியின் மச்சினனுக்குப் போனது. அடுத்த படத்துக்கென்று அவன் எழுதியிருந்தது, முந்தின படத்தின் கதை. சங்கிலிப்பாண்டியின் ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் மறித்தார்கள். மூன்று மண்டைகள் உடைந்தன. மதுரையிலிருந்து தலைமை மன்றத்தார் வந்து பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று. அப்போது மாரிசாமிதான் டோக்கன் முறையைச் சொன்னார். சைக்கிள் ஸ்டாண்டில் உள்ளதுபோல ஒரே நம்பரில் இரண்டு தகர டோக்கன். தியேட்டர் வாசலில் பெட்டிக்குப் பக்கத்தில் ஜோடி ஜோடியாகத் தொங்கும். ஒன்றைக் கதையோடு கட்டிப் பெட்டியில் போட வேண்டும். இன்னொன்று எழுதியவர் கையில் இருக்கும். பேர் கிடையாது, தகப்பன் பேர் கிடையாது, தெரு கிடையாது. ‘ஆள் முகம் பார்க்காத போட்டி’ என்று போஸ்டர் ஒட்டினார்கள்.

நடுவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வைகுண்டராஜ். அவர் சினிமா பார்ப்பதில்லை. அதையே தகுதியாக எடுத்துக்கொண்டார்கள். இருபத்து மூன்று கதைகளைப் படித்துவிட்டுப் பதினேழாம் நம்பருக்கு முதல் பரிசு என்று எழுதிக் கொடுத்தார். உடனே இன்னொரு போஸ்டர் அடித்தார்கள். மம்சாபுரத்திலிருந்து சுந்தரபாண்டியம் வரை சுவர் விடாமல் ஒட்டினார்கள். ‘முதல் பால்: எண் 17.’

மறுநாள் காலை பதினேழாம் நம்பர் டோக்கன் சைக்கிள் கடைக்கு வந்தது. அதை நீட்டிய கை, பேண்டேஜ் கம்பெனியில் துணி உருட்டும் கை. தாலி இறங்கி ஆறு வருஷமான சண்முகத்தாயின் கை.

அவளை மாரிசாமிக்குத் தெரியும். தினமும் காலை ஏழு மணிக்கு அவர் கடை திறக்கிறபோதுதான் அவள் வேலைக்குப் போவாள். அவள் தாண்டிப் போகும்வரை ஷட்டரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். நல்ல யாவாரம் நடக்கிற இடம். ஆறு வருஷமாக அவருடைய முதுகைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

அன்று முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய மூக்கு என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

இப்போது டோக்கனை வாங்கிப் போக இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள். மாரிசாமி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். கதை நல்ல கதை என்றார். பரிசில் குறையில்லை என்றார். பேரை மட்டும் போஸ்டரில் பெரிதாகப் போட்டுவிடலாம், டோக்கனைக் கொடுத்தால் வேறொரு ஆள் அதைக் காட்டிப் பால் ஊற்றிவிடுவார் என்றார். சங்கிலிப்பாண்டி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எதற்கும் ஒத்துப்போகாத இரண்டு ஊர்களை அவள் நெற்றி ஒத்துப்போக வைத்திருந்தது.

“கதைய நீங்க படிச்சீயளா அண்ணாச்சி?” என்று சண்முகத்தாய் கேட்டாள்.

மாரிசாமி, நடுவர் படித்துவிட்டாரே என்றார். முதல் பரிசுக் கதையை இரண்டு மன்றத்திலும் ஒருவரும் படித்திருக்கவில்லை. அதில் ஜெயதீபன் ஒரு விதவையை ரவுடிகளிடமிருந்து காப்பாற்றிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து தாலியை எடுப்பார். அவள், எனக்கு வேலைக்கு நேரமாகிறது, அதைப் பையிலேயே வையுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவாள். கதை அவ்வளவுதான். ‘இதில் கதாநாயகனுக்கு வேலையே இல்லை, அதனால் நன்றாக இருக்கிறது’ என்று வைகுண்டராஜ் ஓரத்தில் எழுதியிருந்தார். அதையும் அவர்கள் படிக்கவில்லை.

“ஏட்டி, குடுத்து விட்ரு” என்றாள் அழகுத்தாய். “தகரம்தான, அத வச்சி என்ன செய்யப் போறே?”

சண்முகத்தாய் டோக்கன் இருந்த முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். ஜெயதீபனை அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சண்டை போடும்போது வாயைக் கோணுகிற ஆள். பால் ஊற்றுவதிலும் அவளுக்குப் பெரிய ஆசை இல்லை. பால் காப்பிக்கு ஆகும். ஆனால் இருபத்து மூன்று பேரில் முதலில் வந்திருக்கிறாள். தங்கச்சி கல்யாணத்துக்கு மூன்று நாள் அண்டா தேய்த்தவள் அவள். தாலி கட்டும் நேரத்தில் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார்கள். சாத்திக்கொண்டாள். ஆறு வருஷத்தில் எதற்கும் அவளை முன்னால் நிற்க விட்டதில்லை. இது கேட்டு வாங்கியதில்லை. ஆள் முகம் பார்க்காமல் கிடைத்தது.

“போட்டியில செயிச்சது நானு. பால நாந்தான் ஊத்துவேன்” என்றாள்.

மாரிசாமி பாயின் கோரையைப் பிய்த்தார். பிறகு சொல்லிவிட்டார். முதல் பாலை அவள் ஊற்றினால் படம் ஓடாது.

“போன பொங்கல் படத்துல தாலி அறுத்தவளுக்கு அவரே தாலி கட்டுனாருல்லா? நீங்கதான பேப்பர் கிழிச்சி எறிஞ்சீய. அது நூறு நாள் ஓடுச்சே.”

“அது படம்மா” என்றார் சங்கிலிப்பாண்டி, மிகவும் பொறுமையாக.

அழகுத்தாய் கந்தல் துணியை எடுத்து வந்தாள். சிந்திய காப்பியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

வந்தவர்கள் இருவரும் எழுந்து வாசலில் போய்க் கிசுகிசுத்தார்கள். நிலைமை மோசம்தான். டோக்கன் இல்லாமல் வேறொருவன் ஊற்றினால் கூட்டம் சும்மா இருக்காது. மறுபடி தில்லுமுல்லு என்பார்கள், மறுபடி மண்டை உடையும். நடுவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இவள் ஊற்றினாலோ படம் படுத்துவிடும். உள்ளே திரும்பி வந்தபோது சங்கிலிப்பாண்டியின் முகம் தெளிந்திருந்தது. யோசனை அவருடையது.

ஒரு மணி நேரம் அவள் நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தலையில் பூ வைத்துக்கொள்ள வேண்டும். நாலு தெரு தள்ளினால் அவளை யாருக்குத் தெரியும்? படச் சகுனத்துக்கு நெற்றி வெறுமையாக இல்லாமல் இருந்தால் போதும். பால் ஊற்றி இறங்கியதும் அழித்துவிடலாம். நடிகைகள் வைத்துக்கொள்வதில்லையா?

அழகுத்தாய் துடைப்பதை நிறுத்தினாள். மகளின் பொட்டை அழித்தவர்கள் யார் யாரென்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதில் மாரிசாமியின் அம்மாவும் உண்டு.

“பொட்டு வைக்கலாமா அண்ணாச்சி? ஊருல ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?” என்று சண்முகத்தாய் கேட்டாள்.

“நாங்க பாத்துக்கிடுதோம். மன்றம் சொன்னா ஊரு சொன்ன மாதிரி” என்றார் மாரிசாமி.

“அப்ப சரி.”

தீபாவளியன்று காலைக் காட்சிக்கு முன்னால் தியேட்டர் வாசலில் நிற்க இடமில்லை. ஜெயதீபன் முப்பதடி உயரத்தில், கையில் அரிவாளோடு நின்றார். பின்னால் மூங்கில் சாரம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால் கேன்களில் வந்து இறங்கியது. வைகுண்டராஜ் மைக்கில் நம்பரைச் சொன்னார். சண்முகத்தாய் டோக்கனை நீட்டினாள். அவர் அதை வாங்கிக் கதையில் கட்டியிருந்த டோக்கனோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, “நீங்களாம்மா எழுதுனது? ரொம்பச் சந்தோசம்” என்றார். அவள் நெற்றியில் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினாள். சந்தனக் கலர்ப் புடவை, ஒரு முழம் பிச்சிப்பூ, கால் ரூபாய் அளவுக்குக் குங்குமப் பொட்டு. இவ்வளவு பெரிதாக வேண்டாம் என்று மாரிசாமி கீழே முனகினார். மேலே போய்ச் செம்பைச் சாய்த்தாள். பால் ஜெயதீபனின் கிராப்பில் இறங்கி, மூக்கில் தொங்கி, கோணல் வாயில் வழிந்தது. கூட்டம் விசிலடித்தது. அங்கிருந்து பார்த்தால் பேண்டேஜ் கம்பெனியின் தகரக் கூரை தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்கினாள்.

மாரிசாமி அவளை டிக்கெட் கவுண்டர் பக்கமாக ஒதுக்கிக் கூட்டிப்போனார். கைக்குட்டையை நனைத்தே வைத்திருந்தார்.

“அழிச்சிரு தங்கச்சி. ஒரு மணி நேரம்னுதான பேச்சு.”

சண்முகத்தாய் கைக்குட்டையைப் பார்த்தாள்.

“அழிக்கதுக்கு என்னண்ணாச்சி, அழிச்சிரலாம். ஆனா படம் இப்பத்தான ஓட ஆரம்பிக்கப் போவுது. ஓடிக்கிட்டு இருக்கும்போது அழிச்சா, பொறவு அதுக்கு என்ன ஆகும்?”

உள்ளே மணி அடித்தது. மாரிசாமியின் கை அப்படியே நின்றது. சங்கிலிப்பாண்டி ஒரு தடவை கட்-அவுட்டை அண்ணாந்து பார்த்தார். ஒரு தடவை அவள் நெற்றியைப் பார்த்தார்.

“இருக்கட்டும்ய்யா” என்றார் அவசரமாக. “கைய எடும். இருக்கட்டும்.”

அன்று சாயங்காலமே தெருவில் பேச்சு எழுந்தது. மாரிசாமியின் அம்மாதான் முதலில் எழுப்பினாள். மாரிசாமியே வீடு வீடாகப் போய், படம் எந்தக் கொட்டகையிலாவது ஓடுகிறவரை அந்தப் பிள்ளையின் பொட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். தெருவும் அடங்கியது. புருஷன் செத்ததற்குத் துடைத்ததைப் படம் ஓடுவதற்காக விட்டுவைத்தது. காலை ஏழு மணிக்கு அவர் இப்போது ஷட்டர் பக்கம் திரும்புவதில்லை. தெருவைப் பார்த்து நிற்பார். நெற்றியில் பொட்டைப் பார்த்த பிறகுதான் கடையைத் திறப்பார்.

படம் சுமார்தான். ராஜபாளையத்தில் முப்பத்தெட்டாவது நாள் எடுத்துவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று வாரம் ஓடியது. பிறகு மம்சாபுரத்துக் கொட்டகைக்குப் போனது.

கொஞ்ச நாளில் அடுத்த போட்டிக்குப் போஸ்டர் வந்தது. ஆள் முகம் பார்க்காத போட்டி என்று அதே வரி மேலே இருந்தது. கீழே பொடி எழுத்தில் புதிதாக ஒரு விதி: மன்ற உறுப்பினர்கள் மட்டுமே எழுதலாம். மன்றத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. வைகுண்டராஜையும் இந்தத் தடவை கூப்பிடவில்லை. சண்முகத்தாய் சைக்கிள் கடைச் சுவரில் அதை முழுக்கப் படித்தாள். மாரிசாமி ஒரு டியூபில் காற்றடித்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அழகுத்தாய் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். சுந்தரபாண்டியத்திலும் படத்தை எடுத்துவிட்டார்களாம், தெருவில் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். குரல் இறங்கியிருந்தது.

சண்முகத்தாய் கண்ணாடி முன்னால் நின்று, வேர்வையில் கலங்கியிருந்த பொட்டைத் துடைத்துவிட்டுக் குங்குமச் சிமிழை எடுத்தாள்.

“ஆலங்குளத்துல நாளையிலேர்ந்து போடுதாவளாம்” என்றாள்.

“அங்கயும் எடுத்துட்டா?”

“தமிழ்நாட்டுல கொட்டகைக்கா பஞ்சம்?” என்று சொல்லிவிட்டு, விரலால் அழுத்தி, போனதைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டாள்.