இடது பெடல்

கோளாறு காரில்தான் இருக்க வேண்டும். இரண்டு மாதமாக நான் சாமியிடம் கேட்டது இது ஒன்றைத்தான். ஐம்பத்து நான்கு வயதுக்காரன் தன் சொந்தக் காருக்குப் பழுது கேட்டு விளக்கேற்றுவது எவ்வளவு கேவலம் என்று எனக்கே தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

கார் 1969ஆம் வருடத்துக் கமாரோ. எட்டு சிலிண்டர், கையால் மாற்றும் கியர், அமெரிக்காவில் இருந்தபடியே இடது பக்கம் ஸ்டியரிங். லின்ஃபீல்டில் எங்கள் தெருவுக்குள் அது திரும்பினால் மூன்று வீட்டு நாய்கள் குரைக்கும். கல்யாணி அதற்கு வைத்திருக்கும் பெயர் சின்ன வீடு. "உங்க சின்ன வீட்டுக்குக் குளிப்பாட்டி முடிச்சாச்சுன்னா பெரிய வீட்டுக்குச் சாப்பிட வரலாம்" என்றுதான் கராஜ் கதவைத் தட்டுவாள்.

நான்கு வருடத்துக்கு முன், சுந்தரம் அண்ணன் போன கையோடு வாங்கியது. எல்லாவற்றையும் ரிட்டயர் ஆன பிறகு என்று தள்ளிப்போட்டே வாழ்ந்தவர் அண்ணன். ரிட்டயர் ஆன ஏழாவது மாதம் அவருக்கு இடது கால் செருப்பு கழன்று கழன்று விழ ஆரம்பித்தது. செருப்பு சரியில்லை என்று மூன்று ஜோடி மாற்றினார். அப்புறம் கைத்தடி, அப்புறம் சக்கர நாற்காலி, கடைசியில் ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. நரம்பு செத்துக்கொண்டே வரும் வியாதி, மருந்து கிடையாது என்றார்கள். இரண்டு வருடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணிக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகியிருந்ததால், கடைசி மூன்று மாதம் திருச்சியில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டவள் கல்யாணி.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், பிளாக்ஹவுஸ் பே பக்கம் ரவுண்டபௌட்டில் கிளட்சை மிதித்தேன். பெடல் பாதியில் நின்றுவிட்டது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான். அடுத்த வாரம் பெடல் இன்னும் கனத்தது. அதற்கடுத்த வாரம் குப்பைத் தொட்டியைத் தெருவில் வைத்துவிட்டுத் திரும்பும்போது, என் இடது கால் ரப்பர் செருப்பு இரண்டடி பின்னால் தனியாகக் கிடந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். கல்யாணியிடம் மூச்சுவிடவில்லை.

ஆபீசுக்கு ஓட்டிப் போகிற கார் ஆட்டோமேட்டிக். அதில் இடது காலுக்கு வேலையே கிடையாது. இந்த ஊரில் இடது கால் இல்லாமலேகூடக் காலம் தள்ளிவிடலாம், யாருக்கும் தெரியாது. அதைக் கணக்குக் கேட்பது இந்த ஒரு பெடல்தான்.

என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். இருபது வருடமாக அடுத்தவன் தவற்றைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். பெடல் கனக்கிறது என்றால் காரணம் பெடலாக இருக்கும், இல்லையென்றால் காலாக இருக்கும். வேறு யாரையாவது உட்கார்த்தி மிதிக்கச் சொன்னால் பத்து வினாடியில் தெரிந்துவிடும். நான் அதை மட்டும் செய்யவில்லை. அதற்குப் பதில் அமெரிக்காவிலிருந்து பாகங்கள் வரவழைத்தேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

இந்தக் காரில் பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவில் எல்லாமே இரும்பு. பெடல் ஒரு கம்பியைத் தள்ளும். கம்பி, எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே கிடக்கும் இசட் பாரைத் திருப்பும். இசட் பார் கீழே இன்னொரு கம்பியைத் தள்ள, அது கிளட்சை விடுவிக்கும் ஃபோர்க்கை நகர்த்தும். இசட் பாரின் இரண்டு முனையிலும் உள்ள புஷ் என்னும் நைலான் வளையங்கள் தேய்ந்தால் இரும்போடு இரும்பு உரசும், பெடல் கனக்கும். புஷ் தேய்ந்து பெடல் கனத்தவர்களின் கதை இணையத்தில் நூறு இருந்தது. ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பார்சல் வந்த வாரம், சனிக்கிழமை காலையில், ஹரி பிரசாத்தை வரச் சொன்னேன். தகனினியில் இருக்கும் பிஜிக்கார மெக்கானிக். அவருடைய கொள்ளுத்தாத்தா சேலத்திலிருந்து கரும்பு வெட்டக் கப்பல் ஏறியவராம். இவரிடம் மிஞ்சியிருக்கும் தமிழ் 'வணக்கம்' ஒன்றுதான். அதனால் எங்கள் பேச்சு ஆங்கிலத்தில். வந்ததும் வராததுமாகக் கார்க் கதவைத் திறந்து, "முதல்ல பெடலை மிதிச்சுப் பாக்கறேன், புரோ" என்றார்.

"வேண்டாம், சீட்டெல்லாம் ஈரம். முதல்ல கழட்டிடலாம்" என்று குறுக்கே போய் நின்றேன். சீட்டு காய்ந்துதான் கிடந்தது.

காரை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு அடியில் படுத்தார். அரை மணி நேரத்தில் பழைய இசட் பார் வெளியே வந்தது. புஷ்ஷை விரலால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து, விளிம்பில் விரிசல் விட்டிருந்தது. இன்னொரு முனையிலும் அதே கதி.

"இதோ பாரு, உன்னைப் படுத்தினவன்" என்றார்.

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. சத்தமாகச் சிரித்தேன். புஷ்ஷைத் தூக்கி எறியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரம் நான் நோயில்லாத மனிதனாக இருந்தேன். கிரீஸ் எடுத்துக் கொடுத்தேன், லைட் பிடித்தேன், சமோசா சூடுபண்ணிக் கொண்டுவந்தேன். மார்ச்சில் குடும்பத்தோடு டவுப்போ ஏரி வரை இதிலேயே போய்வரலாம் என்றுகூட மனது திட்டம் போட்டுவிட்டது.

புது இசட் பார் உட்கார்ந்தது. மேல் கம்பி, கீழ் கம்பி, ஃபோர்க்கை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங், எல்லாம் புதுசு. இனி அட்ஜஸ்ட்மெண்ட் மட்டும்தான் பாக்கி. பெடலை மிதித்தால் முதல் ஒரு அங்குலம் வெறுமனே போக வேண்டும், அதன் பிறகுதான் கிளட்ச் விலகத் தொடங்க வேண்டும். அந்த ஒரு அங்குலத்தைக் கீழ்க் கம்பியில் உள்ள நட்டைத் திருப்பித்தான் கொண்டுவர முடியும். நான் சீட்டில் உட்கார்ந்தேன். ஹரி அடியில் இருந்து ஃபோர்க்கைப் பார்த்தார்.

"மிதி."

மிதித்தேன்.

"முழுசா மிதி, புரோ."

"முழுசாத்தான் மிதிச்சிருக்கேன்."

"பாதிதான் நகருது." நட்டைத் திருப்பினார். "இப்போ?"

மிதித்தேன். பெடல் அதே இடத்தில் நின்றது. தொடை நடுங்கியது. மூன்றாம் தடவை இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, உடம்பு பாரத்தை எல்லாம் அதில் இறக்கினேன். "ஆங், இப்போ வருது!" என்று கீழிருந்து சந்தோஷமாகக் குரல் வந்தது. எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

ஹரி வெளியே வந்து, என்னை இறங்கச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்தார். நான் தடுக்கவில்லை. நாலைந்து தடவை மிதித்தார். பெடல் சத்தமில்லாமல் தரை வரை போய்த் திரும்பியது.

"வெண்ணெயா போகுதே" என்றார்.

"உங்களுக்கு மெக்கானிக் கால். இன்னும் ரெண்டு சுத்து திருப்புங்க."

"திருப்பினா அந்த ஒரு அங்குலம் போயிடும். பேரிங் ஓயாம உரசும், கிளட்ச் வழுக்கும்."

"என் கார்தானே! திருப்புங்க!"

அதட்டிவிட்டேன். மூன்று வருடப் பழக்கத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. அவர் கோபப்படவில்லை. என் முகத்தைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். "கால்ல எங்கயாவது அடிபட்டுச்சா, புரோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கல்யாணி கடையிலிருந்து வந்தாள். இரண்டு கையிலும் காய்கறிப் பை. "வணக்கம்" என்றார் ஹரி.

"வணக்கம். என்னங்க, முடிஞ்சுதா? நகருங்க, நான் ஒரு தடவ மிதிச்சுப் பாக்கறேன்."

"உனக்கெதுக்கு? முட்டி வலிக்கப்போகுது."

"ரெண்டு மாசமா அது கனக்குது இது கனக்குதுன்னு வீட்டையே ரெண்டு பண்ணிட்டீங்க. அப்படி என்னதான் கனம்னு பாக்க வேண்டாமா?"

அவள் சீட்டை நோக்கி வந்ததும், பேச்சு புரியாவிட்டாலும் ஹரி சட்டென்று இறங்கி வழிவிட்டார். முட்டி வலிக்காக மாதாமாதம் டாக்டரிடம் போகிறவள் அவள். பையைத் தரையில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு, செருப்போடு மிதித்தாள். பெடல் அடி வரை போயிற்று. மறுபடி மிதித்தாள். நுனிக்காலால் ஒரு தடவை.

"இதுக்கா இத்தன புலம்பல்? பஞ்சு மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். "சரி, வாங்க, ஒரு ரவுண்டு போகலாம். நானும் வரேன். என் மனசு மாறறதுக்குள்ள கெளப்புங்க."

நான்கு வருடத்தில் அவள் இந்தக் காரில் வருகிறேன் என்று தானாகச் சொன்னது அன்றைக்குத்தான். எனக்கு அழுகைகூட வரவில்லை. கார் சரியாகிவிட்டது. இனி கழற்றிப் பார்க்க ஒரு பாகமும் பாக்கி இல்லை.

ஹரி ஜாக்கைப் போட்டுக் காரைத் தரையில் இறக்கினார். கல்யாணி இறங்கிச் சுற்றிக்கொண்டு வலது பக்கக் கதவுக்குப் போனாள். நான் சீட்டில் உட்கார்ந்தேன். வலது கால் உள்ளே போயிற்று. இடது கால் வெளியிலேயே இருந்தது. தொடைப் பக்கம் பேண்ட் துணியைக் கையால் பிடித்து அதைத் தூக்கி உள்ளே வைத்தேன். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் ஏறிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. அந்த நிமிடம் வரை எனக்கே அது தெரியாது.

நிமிர்ந்தபோது, திறந்த கதவின் மேல் கை வைத்தபடி கல்யாணி பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எத்தன நாளா?"

"என்ன எத்தன நாளா?"

"நான் என்ன கேக்கறேன்னு உங்களுக்குத் தெரியும்."

"புஷ் தேஞ்சிருந்துது, கல்யாணி. நீயே பாரு" என்று சட்டைப் பையில் கையை விட்டேன். அவள் அதைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றி என் பக்கம் வந்தாள். ஹரி போனைக் காதில் வைத்துக்கொண்டு டிரைவ்வேக்கு நடந்துவிட்டார். போன் அடிக்கவே இல்லை.

அவள் வலிக்கும் முட்டியைச் சிமெண்ட் தரையில் ஊன்றி உட்கார்ந்தாள். என் இடது காலை வெளியே எடுத்து, ஷூவையும் சாக்ஸையும் கழற்றினாள். பாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினாள். எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மேல தூக்குங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தை எல்லாம் சேர்த்துத் தூக்கினேன். தூக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"ம், தூக்குங்க" என்றாள்.