சர்க்கரைன்னு சொன்னாரு

அண்ணனுக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து, மூட்டைக் கிடங்கில் அவர் வாய்க்குத் தம்பிதான் காவல். "கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்துக்கணும் தம்பி" என்று அண்ணி சொல்லியிருந்தாள். அவனும் அப்படித்தான் பார்த்தான். அண்ணனின் சட்டைப்பையில் இருந்த மிட்டாயைக்கூடப் பிடுங்கி எறிந்தான்.

"டாக்டர்தான்டா வெச்சுக்கச் சொன்னாரு."

"திருட்டுத்தனமா தின்னுட்டு டாக்டர் மேல பழியா?" என்றான் தம்பி. கிடங்கே சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

அன்று மதியம் ஊசி போட்டுக்கொண்டு அண்ணன் சாப்பாட்டைத் திறக்கவும் லாரி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. டப்பாவை மூடிவிட்டு மூட்டை தூக்கப் போனார். மூன்று மணிக்கு அவர் கை நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "சர்க்கரை... சர்க்கரைடா" என்றார், நாக்குக் குழற.

ஏறிவிட்டது என்று தம்பி பதறினான். டீக்காரர் நீட்டிய டீயை நடுவில் புகுந்து பிடுங்கித் தரையில் கொட்டினான். "அறிவிருக்கா உங்களுக்கு? அவருக்குச் சர்க்கரைங்க!"

அண்ணன் காலி கிளாஸையே பார்த்தார். தம்பி பொறுப்பாக இரண்டு தவிட்டு பிஸ்கட்டை ஊட்டிவிட்டான். பாதியை மென்றவர் சாக்குக் குவியலில் சாய்ந்தார். சற்று நேரத்தில் குறட்டை வந்தது. "தூங்கட்டும், யாரும் எழுப்பாதீங்க" என்று இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அந்தக் குறட்டை அவனுக்கு நிம்மதியாக வேறு இருந்தது, பாவி.

எழுப்பியும் எழாதவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். "சர்க்கரை ஏறலைங்க, எறங்கியிருக்கு. ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம மூட்டை தூக்கினா எறங்காதா? தவிட்டு பிஸ்கட்டு மெதுவாத்தான் ரத்தத்துல சேரும். அந்த நேரத்துல இனிப்பா ஒரு டீ குடுத்திருந்தா எழுந்து உக்காந்திருப்பாரு."

மூன்றாம் நாள் அண்ணன் கண் திறக்காமலே போய்விட்டார்.

அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா ஏதாவது சொன்னாரா தம்பி?"

"சர்க்கரைன்னு சொன்னாரு அண்ணி."

"கடைசி வரைக்கும் அந்தப் பாழாப்போன வியாதியத்தானே நெனச்சிருக்காரு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்களும் எப்படியெல்லாம் காவல் காத்தீங்க!"

வியாதியைச் சொல்லவில்லை, சர்க்கரையைக் கேட்டார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"ஆமா அண்ணி" என்றான்.