கீழ்க்காடு

இலை உருவும்போது நூபியா அதிகம் பேசமாட்டாள். கிளையின் அடியைப் பிடித்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுத்தால் இலை மொத்தமும் உள்ளங்கைக்கு வந்துவிடும். கோக்காச் செடி மொட்டையாக நிற்கும். பழைய சட்டைத் துணியைக் கிழித்து விரல்களில் சுற்றியிருந்தாள். அப்படியும் சுட்டுவிரல் ஓரத்தில் ரத்தம் கசிந்து துணி பழுப்பேறியிருந்தது. அடுத்த வரிசையில் அவள் புருஷன் எலிசெயோ இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, அவள் காதில் விழட்டும் என்றே பெருமூச்சு விட்டான்.

"என்ன, கெழவனுக்கு மூச்சு வாங்குதா?"

"கெழவன் சாக்கப் பாரு, உன் சாக்கப் பாரு. அப்புறம் பேசு."

"காம்பும் கொப்புமா அடைச்சு வெச்சிருக்க. எடை போடறவன் மூஞ்சியிலயே வீசப் போறான்."

எலிசெயோ சிரித்தான். ஆனால் கை நிற்கவில்லை. கோக்காவைப் பிடுங்க அரசாங்கம் அனுப்பிய கூலியாட்கள் போலீஸ் காவலோடு பக்கத்துக் குடியிருப்புவரை வந்துவிட்டார்கள். அவர்கள் வருவதற்குள் மேல்காட்டு இலையையாவது எடுத்துவிட வேண்டும். முந்தின வருஷம் அரசாங்க விமானம் வந்து செடியைக் கருக்கும் மருந்து தெளித்தது. வாழையும் சோளமும் கருகிப் போயின. கோக்கா மட்டும் மறுபடி தளிர்த்தது. வேரோடு நெம்பிப் போட்டால் அதுவும் தளிர்க்காது. சோளம் விளைந்தாலும் ஆற்றைக் கடந்து புவெர்த்தோ ஆசிஸ் சந்தைக்குக் கொண்டுபோகும் படகுக் கூலிக்குக் காணாது. போதைப்பொடி காய்ச்சக் கோக்கா இலையை வாங்க ஆள் வீட்டு வாசலுக்கே வந்தான்.

வேலியோரம் ரோல்டான் வந்து நின்றதை எலிசெயோதான் முதலில் பார்த்தான். அரசாங்கத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர்களை அந்தப் பக்கத்தில் 'பையன்கள்' என்றுதான் சொல்வார்கள். ரோல்டான் பையன் வயதைத் தாண்டி வெகு காலம் ஆகியிருந்தது. எந்த நிலத்து இலை யாருக்குப் போக வேண்டும், யார் ஊரில் இருக்கலாம், யார் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அவன் வாய்ச்சொல்தான்.

"கீழ்க்காட்டுப் பக்கம் போகாதீங்க. மாட்டையும் விடாதீங்க."

எலிசெயோ சாக்கை அவிழ்த்துக் கீழே வைத்தான். "கால்முறிச்சானா?"

கண்ணிவெடிக்கு அங்கே அதுதான் பெயர். ரோல்டான் தலையை மட்டும் ஆட்டினான்.

"இலை முத்தி நிக்குது தம்பி. அது என் நிலம்."

"நிலம் உங்களுதுதான். நாங்க இல்லேங்கல. உசிரும் உங்களுதுதான். ரெண்டையும் பத்திரமா பாத்துக்குங்க." அவன் நூபியாவின் பக்கம் திரும்பினான். "பிடுங்க வர்றவங்களுக்குத் தெரிஞ்சா, சொன்னது யாருன்னு தேடி நாங்க ரொம்ப தூரம் அலைய வேண்டியதில்ல. வேற யாரும் இங்க குடியில்ல."

அவன் போன பிறகு எலிசெயோ மாட்டை வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தில் கட்டினான்.

அந்த வாரத்திலேயே ஆட்கள் வந்தார்கள். நீளக்காம்பு மண்வெட்டியும் ரப்பர் பூட்ஸுமாக ஒரு கும்பல், கத்திக்கொண்டே இருக்கிற ஒரு கங்காணி, ஒரு சார்ஜென்ட், அவனுக்குக் கீழே சில போலீஸ்காரர்கள், கயிற்றில் ஒரு மோப்ப நாய். உச்சிவெயில் ஏறுவதற்குள் மேல்காடு முடிந்துவிட்டது. இவர்கள் இலை உருவி முடிக்காத வரிசைகளும் வேர் மேலாகக் கிடந்தன. எலிசெயோ வாசலில் உட்கார்ந்து, தான் நட்ட செடிகள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நூபியா உள்ளே அடுப்பில் சோளக் கஞ்சியைக் கிண்டினாள்.

கும்பலில் ஒருவன் தண்ணீர் கேட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் மூக்கு தோலுரிந்திருந்தது. பெயர் யாமித் என்று அவனாகவே சொன்னான்.

"காலைலேர்ந்து உங்க செடியப் புடுங்கிட்டு உங்ககிட்டயே தண்ணி கேக்கறேன். விஷம் கலந்தாலும் கேக்க முடியாது அக்கா, குடிச்சுத்தான் ஆகணும்."

நூபியாவுக்குச் சிரிக்க விருப்பமில்லை. ஆனாலும் உதடு அசைந்துவிட்டது. வெல்லத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து நீட்டினாள்.

"இந்த வேலைக்கு எப்படிடா வந்த?"

"காபி விலை படுத்துடுச்சு. தோட்டத்துல கூலியாள எல்லாம் அனுப்பிட்டாங்க. போன வருஷம் குவாவியாரே பக்கம் போயி நானும் இலைதான் உருவினேன். இந்த வருஷம் வேரப் புடுங்கறேன். எதைச் செஞ்சாலும் முதுகு ஒரே மாதிரிதான் வலிக்குது."

"காபின்னா எந்த ஊரு?"

"லீபானோ. அதுக்கும் மேல, மலைல."

நூபியாவின் கரண்டி நின்றது. அவள் பிறந்தது லீபானோ மலையில். அப்பாவை வாசலில் வைத்துச் சுட்ட அன்று அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கியவள்தான். பிறகு எங்கெங்கோ அலைந்து கடைசியில் இந்த புட்டுமாயோ ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். காபிப் பூவின் வாசனையைத் தவிர அந்த ஊரைப் பற்றி அவளுக்கு வேறெதுவும் நினைவில்லை. இவன் பேச்சு அவள் அம்மாவின் பேச்சைப் போல ஒவ்வொரு வார்த்தையின் முடிவிலும் இழுத்தது.

"பிள்ளைங்க?"

"ரெண்டு பொண்ணு. சின்னது இப்பத்தான் நடக்குது. நான் பாக்கல, போன்ல அவ அம்மா சொன்னா." டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்தான். "வரேன் அக்கா. சாப்பாடு முடிஞ்சதும் கீழ்க்காட்ட முடிச்சுட்டுக் கெளம்பிடுவோம். உங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

அவன் படியிறங்கும்வரை அவள் கஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேகமாக வாசலுக்கு வந்தாள்.

"தம்பி."

திரும்பினான்.

"கீழ்க்காட்டுக்குள்ள கால் வெக்காத."

யாமித்தின் முகத்திலிருந்த விளையாட்டெல்லாம் போய்விட்டது. "நாய் மோந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு வந்துச்சே."

"நாய் என்னவோ சொல்லட்டும். நீ வெக்காத."

அவன் டம்ளரை மெதுவாகப் படியில் வைத்துவிட்டுப் போனான்.

சாப்பாட்டுக்குப் பிறகு கங்காணி விசிலடித்தபோது யாரும் எழவில்லை. மண்வெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்திருந்தார்கள். கங்காணி ஒவ்வொருவன் அம்மாவையும் இழுத்துத் திட்டிப் பார்த்தான். சார்ஜென்ட் வந்தான்.

"எவன் சொன்னது?"

"யாரும் சொல்லல ஐயா," என்றான் யாமித். "வரிசைக்கு நடுவுல மண்ணு கெளறின மாதிரி இருக்கு. நாங்க போக மாட்டோம்."

"மண்ணப் பாத்தே சொல்ற ஆளு நீ." சார்ஜென்ட் அவனையே சிறிது நேரம் பார்த்தான். பிறகு வீட்டைப் பார்த்தான். "நிலத்துக்காரனக் கூப்பிடு."

எலிசெயோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். நூபியா கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

"கீழ்க்காடு உன்னுதா?"

"ஆமாங்க ஐயா."

"உள்ள ஏதாவது வெச்சிருக்கா?"

"எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பக்கம் போயி நாளாச்சு."

"முத்தின இலைய விட்டுட்டு அந்தப் பக்கம் போகல. ஏன்?" பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. "சரி, ஒண்ணுமில்லன்னா முன்னால நட. எங்க ஆளுங்க உன் பின்னால வருவாங்க. நடக்க மாட்டேன்னா, வெச்சது உனக்குத் தெரியும். அப்போ உன்ன எங்க கூட்டிட்டுப் போகணும்னு எனக்குத் தெரியும்."

"ஐயா, அவருக்கு..." என்று நூபியா ஓரடி எடுத்து வைத்தாள்.

எலிசெயோ திரும்பிப் பார்த்தான். முப்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சொல்ல வந்தது இன்று பொழுது சாய்வதற்குள் ஆற்றைக் கடந்து ரோல்டானிடம் போய்விடும். அவள் ஏன் குறுக்கே வருகிறாள், வேலியோரம் ஒரு வெளியூர்க்காரன் ஏன் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான் என்று அவனுக்கு அந்த நிமிஷத்தில் எல்லாமே புரிந்துவிட்டது.

"நூபியா, கஞ்சி அடிபிடிக்குது. போயி அடுப்பப் பாரு," என்றான்.

வேலிக் கம்பியைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனான். மழையில் களிமண் ஊறிக் கிடந்தது. ஒவ்வொரு அடியிலும் பூட்ஸ் சளக்கென்று பதிந்து, இழுக்க இழுக்க வந்தது. வழுக்கும் மரப்பாலத்தில் போகிறவன் போல இரண்டு கைகளையும் சற்று விரித்துக்கொண்டு நடந்தான். பாதிக் காடு போனதும் நின்று திரும்பிப் பார்த்தான். அவன் பின்னால் யாரும் வரவில்லை.

"இன்னும் போ," என்று சார்ஜென்ட் கத்தினான்.

வெடிச் சத்தம் பெரிதாக இல்லை. நனைந்த மூட்டையை உயரத்திலிருந்து போட்டது போல இருந்தது. செடிகளுக்கு மேலே மண் எழுந்து விழுந்தது. பிறகுதான் எலிசெயோவின் குரல் கேட்டது.

போலீஸ்காரர்கள் தரையில் படுத்துவிட்டார்கள். வேலியைத் தாண்டிய நூபியாவை யாரோ பிடித்து இழுத்தார்கள். யாமித் அவளுக்கு முன்னால் உள்ளே போய்விட்டான். எலிசெயோ பதித்த தடத்துக்குள்ளேயே தன் காலை வைத்து வைத்துப் போய், அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, அதே தடத்தில் காலை வைத்துத் திரும்பினான். எலிசெயோவின் வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. யாமித் தன் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கினான்.

ஆட்களை ஏற்றிப்போக ஹெலிகாப்டர் வந்து மேல்காட்டில், பிடுங்கிப் போட்ட செடிகளின் மேல் இறங்கியது. நூபியா சார்ஜென்டின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, ஆஸ்பத்திரில எறக்கி விடுங்க. ஆத்து வழியாப் போனா தாங்க மாட்டார். உங்க கால்ல விழறேன்."

"இது எங்க ஆளுங்களுக்கு வந்தது. வெடி வெச்சவனே இவனா இருந்தா? கைய எடு."

போலீஸ்காரர்கள் ஏறினார்கள். நாயைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கூலியாட்கள் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார்கள். யாமித்தும் அவனோடு இன்னும் மூன்று பேரும் ஏறவில்லை. "இப்ப ஏறலைன்னா வேலை போச்சுன்னு வெச்சுக்க," என்று கங்காணி உள்ளேயிருந்து கத்தினான். காற்றாடிச் சத்தத்தில் யாமித் என்ன பதில் சொன்னான் என்று யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டில் படுக்கத் தொங்கவிட்டிருந்த துணி ஏணையை ஒரு கழியில் கட்டி எலிசெயோவைக் கிடத்தி ஆற்றுத்துறைக்குத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழியெல்லாம் சேறு. நூபியா பக்கத்தில் நடந்தபடி, விழும் ஈயை விரட்டிக்கொண்டே வந்தாள். ஹெலிகாப்டர் அவர்கள் தலைக்கு மேலாகப் போயிற்று. எலிசெயோ கண்ணைத் திறந்து அது மரங்களுக்குப் பின்னால் மறைவதைப் பார்த்தான்.

"தம்பி, உனக்கு எந்த ஊரு?" என்று கேட்டான்.

"லீபானோ அண்ணே. பேசாதீங்க."

எலிசெயோவின் உதட்டில் சிரிப்புப் போல ஒன்று வந்தது. "இவளும் அந்தப் பக்கந்தான். அதான் வாய் நிக்கல."

நூபியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்ன செய்வேன் எலிசெயோ. பொண்ணுங்க இருக்குன்னு சொன்னான். சின்னது இப்பத்தான் நடக்குதாம்."

"நான் ஒண்ணும் சொல்லலையே." ஏணை குலுங்கியபோது பல்லைக் கடித்தான். "நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன் புள்ள. கொஞ்சம் லேட்டாச் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு அவன் தண்ணீர் கேட்டான். துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது படகு அக்கரையில் நின்றது. கூப்பிட்டு, அது திரும்பி வந்து கரை சேர்வதற்குள் எலிசெயோவின் கை அவள் கைக்குள்ளேயே குளிர்ந்துவிட்டது. படகுக்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

புதைத்த மறுநாள் யாமித் கிளம்பினான். அவன் சட்டை முழுக்க ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. நூபியா எலிசெயோவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் வாங்க மறுத்தான். அவள் கையை மடக்கவில்லை. கடைசியில் போட்டுக்கொண்டான், தோளில் அவனுக்கு அது பெரிதாக இருந்தது. கைப்பகுதியை மடித்துவிட்டுக்கொண்டே படகில் ஏறினான்.

சில நாள் கழித்து ரோல்டான் வந்தான். வாசலில் தொப்பியை எடுத்தான்.

"எங்களுக்கும் வருத்தந்தான். அவர் நல்ல மனுஷன்." கொடுத்த காபியைக் குடித்தான். "யாரோ சொல்லியிருக்காங்கன்னு பேச்சு அடிபடுது."

"மண்ணு கெளறினது தெரிஞ்சுதாம்," என்றாள் நூபியா.

ரோல்டான் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு, செத்தவன் வீட்டில் அதற்கு மேல் கேட்க வேண்டாம் என்று நினைத்தவன் போலக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"மேல்காடுதான் போச்சு. கீழ்க்காட்டு இலைய உருவிடுங்க. வாங்கறவன் வெள்ளிக்கிழமை வர்றான். நிலத்த சும்மா போட்டா வேற ஆளு கேப்பாங்க. அப்புறம் நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

"உள்ள இருக்கற மிச்சத்த எடுத்துட்டீங்களா?"

"வெச்சவன் போன வாரம் அந்தப் பக்கச் சண்டைல செத்துட்டான். எங்கெங்க வெச்சான்னு அவனுக்குத்தான் தெரியும்." ரோல்டான் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டான். "பாத்துப் போங்கம்மா."

வியாழக்கிழமை காலை நூபியா இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலிக் கம்பியைத் தூக்கிக் குனிந்தாள். கோக்கா இடுப்பளவு நின்றது; முத்தின இலை ஓரத்தில் மஞ்சள் கட்டத் தொடங்கியிருந்தது. களிமண்ணில் எலிசெயோவின் பூட்ஸ் தடம் அழியாமல் இருந்தது. ஒவ்வொரு தடத்திலும் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. முதல் தடத்தில் வலது காலை வைத்தாள். அடுத்ததில் இடது காலை வைத்தாள். அவனுடைய எட்டு அவளுக்கு நீளம். ஒவ்வொரு முறையும் தாவத்தான் வேண்டியிருந்தது.

நின்ற இடத்திலிருந்து இந்தப் பக்கம் கை எட்டிய செடியை உருவினாள். அந்தப் பக்கம் எட்டியதை உருவினாள். பிறகு அடுத்த தடத்துக்குப் போனாள். பாதிக் காட்டில் அவன் திரும்பிப் பார்த்த இடத்தில் இரண்டு தடங்களும் பக்கத்தில் பக்கத்தில் ஆழமாகப் பதிந்திருந்தன. அங்கே கொஞ்சம் அதிகமாகவே நின்றாள்.

அதையும் தாண்டிச் சில தடங்கள் போயின. பிறகு மண் குழிந்து, ஒரு செடி வேரோடு சாய்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் தடம் இல்லை. சாக்கில் பாதிகூட நிறையவில்லை. நூபியா கடைசித் தடத்தில் குதிகாலை ஊன்றிக்கொண்டு, குழிக்கு மேலாகக் கையை நீட்டினாள். அடுத்த செடியின் கொப்பு விரல் நுனியில் பட்டது. இன்னும் கொஞ்சம் சாய்ந்து எட்டிப் பிடித்தாள்.