இண்டைக்கே கிடைக்கிற கார்ட்

பத்தொன்பது வயதுப் பெட்டை ஒருத்தி தன் முதல் கிறெடிட் கார்ட்டை எப்படித் தெரிவுசெய்ய வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு புத்தி சொல்வார்கள். வட்டியைப் பார் என்பார் ஒருவர். வருடக் கட்டணத்தைப் பார் என்பார் இன்னொருவர். நதீஷா இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை அஜின்கோர்ட் பிளாசாவில் இருந்த முதல் வங்கிக்குள் புகுந்தவள், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதர் வணக்கம் சொல்லி முடிக்க முதலே கேட்டாள், இன்றைக்கே கையில் தருவீர்களா என்று.

அந்த மனிதர் சிரித்தார். பத்து வேலைநாள் ஆகுமாம். ஆனால் பொயின்ற் சேருமாம், சேர்ந்தால் சும்மா படம் பார்க்கலாமாம். அவர் எந்தத் தியேட்டர் என்று சொல்லத் தொடங்கியபோது நதீஷா கதவைத் தாண்டியிருந்தாள். இரண்டாவது வங்கியில் ஒரு பெண்மணி, மாணவர்களுக்கு முதல் வருடம் கட்டணம் இல்லை, ஒரு முதுகுப்பையும் இலவசம் என்றாள். கார்ட் வர ஒரு கிழமை. "பையை வைச்சு நான் என்னத்தைச் செய்ய?" என்று தமிழிலேயே முணுமுணுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

காலில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டவள்போல் அவள் இப்படி ஓடியதற்குக் காரணம் இருந்தது. ஏப்ரலில் ஒருநாள் சின்னம்மா ஜெசிந்தா, சண்டை நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் இருந்து யாரோ ஒருவருடைய சற்றலைட் போனில் எடுத்தாள். ஒரு நம்பரைச் சொல்லி, உடனே திருப்பி எடுங்கோ என்று வைத்துவிட்டாள். வீட்டில் இருந்தது நதீஷா வாங்கி வந்த ஐந்து டொலர் ரெலிபோன் கார்ட். கொழும்புக்கு என்றால் அதில் அரை மணித்தியாலம் அலட்டலாம். அந்த நம்பருக்கு மூன்று நிமிடம்கூட நிற்கவில்லை. அம்மா எமில்டா ரிசீவரைக் காதோடு அமத்திப் பிடித்திருக்க, "அக்கா, இவர்..." என்று சின்னம்மா தொடங்கினாள். அவ்வளவுதான். உங்கள் நேரம் முடிந்துவிட்டது என்று ஒருத்தி ஆங்கிலத்தில் நளினமாகச் சொன்னாள்.

நதீஷா செருப்போடு நவரட்ணம் அங்கிளின் கடைக்கு ஓடி நான்கு கார்ட் வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்த நம்பர் அடிக்கவே இல்லை. கடையில் ஐந்து டொலர் கார்ட்டுக்குப் பக்கத்திலேயே இருபது டொலர் கார்ட்டும் தொங்கியது. ஐயோ, அதை எடுத்திருக்கக் கூடாதா? அந்தப் பதினைந்து டொலர் அன்றையிலிருந்து அவளுடைய நெஞ்சைப் போட்டு அரித்தது.

மே மாதம் நடுவில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். கனபேருடைய வீட்டில் அழுகை. அம்மா அழவில்லை, ரீவியையும் நிற்பாட்டவில்லை. போன கிழமை அவர்களுடைய கோயிலுக்கு ஒரு பட்டியல் வந்தது. வவுனியா முகாம்களில் இருக்கிறவர்களின் பெயர்களை அங்கே ஒரு பாதிரியார் ஓடி ஓடிச் சேர்த்து அனுப்பியது, அறுபது பக்கம். அம்மா அதைப் போட்டோக்கொப்பி எடுத்துவந்து பென்சிலும் கையுமாக இருந்தாள். சித்தப்பா அல்பிறட், சின்னம்மா, மூன்று பிள்ளைகள். ஐந்து பேரில் ஒருவரும் இல்லை என்றுதான் சொன்னாள்.

நதீஷா நம்பிக்கையை விடவில்லை. சின்னம்மா எங்கிருந்தாவது எடுப்பாள், இந்த முறை பேச்சு இடையில் நிற்கக் கூடாது. இன்ரநெற் போனில் கணக்கு வைத்தால் முடிய முடியத் தானாகவே காசு ஏறிக்கொள்ளும், ஆனால் அதற்குக் கிறெடிட் கார்ட் வேண்டும். அப்பா சூசைதாசனோ, "உது உன்ரை கழுத்துக்கு நீயே போடுற சுருக்கு" என்று ஒற்றை வரியில் கதையை முடித்துவிட்டார்.

பிளாசாவின் கடைசி மூலையில் ஒரு சின்னக் கடன் சங்கம் இருந்தது. அங்கே கிறிஸ்ரினா என்று சட்டையில் பெயர் குத்திய தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். நதீஷாவைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும்.

"ஐந்நூறு டொலர் நீர் டெப்பொசிற் போடவேணும். அவ்வளவுதான் லிமிற். வருசத்துக்கு அறுபது டொலர் பீஸ். வட்டியும் கூட. பொயின்ற் ஒண்டும் இல்லை. என்ரை தங்கச்சி எண்டால் எடுக்க விடமாட்டன்."

"எப்ப தருவீங்கள், அக்கா?"

"இண்டைக்கே. போமை நிரப்பினால் கையோட தருவன்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு மட்டும் கூடவா இருக்கப்போகிறது? டோனற் கடையில் விடிய விடிய நின்று சேர்த்த ஐந்நூறை எண்ணி வைத்துவிட்டுப் பேனையை எடுத்தாள். பெயர், விலாசம், வேலை எல்லாம் கிறுக்கிக்கொண்டு போனவள், தாயின் கன்னிப்பெயர் என்று கேட்ட இடத்தில் சூசைதாசன் என்று எழுதினாள்.

கிறிஸ்ரினா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "உது அப்பான்ரை பேரல்லோ? அம்மா கலியாணம் கட்ட முந்தி வைச்சிருந்த பேர் வேணும்."

"சொறி, அக்கா. அப்ப சவிரிமுத்து. அம்மப்பான்ரை பேர்."

"எல்லாரும் இதிலைதான் பிழை விடுறது. என்ரை அம்மாவுக்கு ஊர் அடையாள அட்டையிலை இண்டைக்கும் அம்மப்பான்ரை பேர்தான். கலியாணம் முடிஞ்ச கையோட ஆர் அரசாங்கக் கச்சேரிக்குப் போய் மாத்தினது?"

நதீஷாவின் பேனை நின்றுவிட்டது. முகாமில் பெயர் பதிகிறவன் எதைப் பார்த்துப் பதிவான்? கையில் இருக்கிற அடையாள அட்டையைத்தானே! அல்பிறட் என்று அறுபது பக்கமும் தேடினால் சின்னம்மா எப்படி அகப்படுவாள்? அவள் அங்கே சவிரிமுத்துவின் மகளாக அல்லவா இருப்பாள்.

"அக்கா, கெதியாத் தாங்கோ, பிளீஸ்."

"என்ன பிள்ளை, வீடு பத்துதே?" என்றாலும் கிறிஸ்ரினா கெதியாகத்தான் தந்தாள். கார்ட் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று போக, நதீஷா இருக்கையில் இருக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவடியிலேயே நின்றாள். அடுக்குமாடியில் லிஃப்ற் வரப் பிந்தியது. இரண்டு நிமிடம் பொறுத்தவள், பொறுக்கமாட்டாமல் எட்டு மாடியும் ஏறினாள்.

அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். பட்டியல் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. நதீஷா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பக்கங்களைத் தட்டினாள். முப்பத்தோராம் பக்கம், நடுவில்: ச. ஜெசிந்தா, வயது நாற்பத்தொன்று, முருங்கன். சின்னம்மா பிறந்த ஊர், சின்னம்மாவின் வயது. "அம்மா!" என்று கத்த வாயைத் திறந்தாள். அப்போதுதான் அந்த வரியின் கடைசிக் கட்டம் கண்ணில் பட்டது. குடும்பத்தில் உள்ளவர்கள்: இரண்டு.

அந்த வரியின்மேல் ஏற்கெனவே பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தது. மற்றப் பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளிகள்தான். இது மட்டும் பேப்பர் கிழிகிற அளவுக்கு அமத்தி இழுத்த கோடு.

அம்மா கத்தியோடு வாசலில் வந்து நின்றாள். பக்கத்தையும் பிள்ளையின் முகத்தையும் பார்த்தாள்.

"எப்ப கண்டனீங்கள், அம்மா?"

"உது வேற ஆரோ."

"முருங்கன் எண்டு போட்டிருக்கு. சவிரிமுத்தற்ரை ச. உங்களுக்குத் தெரியாதே?"

"ரெண்டு பேர் எண்டெல்லோ கிடக்கு. அவை அஞ்சு பேர்." அம்மாவின் குரல் ஏறியது. "என்ரை தங்கச்சிக்கு மூண்டு பிள்ளையள். மனுசன் இருக்கிறான். இது வேற ஆரோ பாவம். செவ்வாய்க்கிழமையே பாத்து வெட்டிப்போட்டன், விடு."

செவ்வாய் தொடக்கம் சனி வரைக்கும் ஐந்து நாள். இந்த ஐந்து நாளும் சமைத்து, வேலைக்குப் போய், செபமாலை சொல்லிக்கொண்டு இந்த மனுசி இதைத் தனியாக அடக்கி வைத்திருந்தாளா? நதீஷாவுக்குக் கோபம் வந்தது, கோபத்தோடு அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு அம்மாவின் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்தாள். கதிரையை இழுத்து இருத்தினாள்.

"அம்மா, சின்னம்மா உயிரோட இருக்கிறா. ஒரு பிள்ளையோ ஆரோ கூட இருக்கினம். பட்டியலுக்கு மேலை ஃபாதரின்ரை நம்பர் கிடக்கு. அவரிட்டைச் சொன்னால் எப்பிடியும் சின்னம்மாவைக் கூட்டியந்து கதைக்க வைப்பார்." பொக்கற்றிலிருந்து கார்ட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "இஞ்சை பாருங்கோ, கிறெடிட் கார்ட் எடுத்திட்டன். இனி அண்டைக்கு மாதிரி இடையிலை நிக்காது. எவ்வளவு நேரமெண்டாலும் கதைக்கலாம்."

அம்மா கார்ட்டைத் தொடவில்லை. வெங்காயம் மணக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தாள்.

"இடையிலை நிக்கவே நிக்காதோ?"

"நிக்காது, அம்மா."

"நிக்காட்டில், அவள் எல்லாத்தையும் சொல்லிப்போடுவாளே, பிள்ளை."