தொட்டியடியில் ஐந்தாவது குரல்

அன்செல்மோ ஊதலை ஊதினான். மாதத்தின் முதல் ஞாயிறு, பகல் பதினோரு மணி: நிலநடுக்க ஒத்திகை. மனைவி நெலிதா கதவோரப் பையைத் தோளில் மாட்டினாள். ரேடியோ, மீன் டின், போர்வை. மகன் ராமிரோ வாசற்கதவைத் திறந்து பிடித்தான். பத்து வயது மகள் மைத்தே பின்கட்டுக்கு ஓடி கேஸை மூடினாள். பிறகு நால்வரும் மேட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறினார்கள். சிலியின் அந்தக் கரையில் கடல்மூட்டம் இறங்கினால் தன் கையே தனக்குத் தெரியாது. அதனால் குரலால்தான் தலை எண்ணுவது.

"ஒண்ணு," என்றான் அன்செல்மோ.

"ரெண்டு." "மூணு." "நாலு."

"அஞ்சு."

"போதும்யா உன் கூத்து," என்றாள் நெலிதா.

"நான் வாயே தெறக்கலடி."

"நெலம் ஆடின ஆட்டத்துல கோழி அவிச்ச முட்டை போட்டுச்சுன்னு சொன்ன வாய்தானே அது?"

கேள்விப்பட்ட ஊரும் சிரித்தது. கோழி விஷயத்தில் அவன் இன்றுவரை பின்வாங்கவில்லை. குரல் விஷயத்தில்தான் வாயை மூடிக்கொண்டான். அது தம்பி எலிசேயோவின் குரல். செருப்பு வார் கட்டத் தெரியாமல் எங்கும் பிந்தி வருகிறவன். பள்ளியில் அவனுக்காக 'உள்ளேன்' சொல்வது அன்செல்மோவின் வேலை. முப்பது வருடம் முன்பு நிலம் பெரிதாக ஆடிய அன்றும் இதே தொட்டியடியில், இதே மூட்டத்தில் அம்மா எண்ணினாள். அன்செல்மோ தன் நாலைச் சொன்னான். பழக்கதோஷத்தில் தம்பியின் ஐந்தையும் சொன்னான். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். பிறகு கடல் ஏறியது; தம்பி வரவே இல்லை. அவன் வாழ்க்கையில் யாருக்கும் சொல்லாத ஒரே உண்மை அதுதான்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகல், ஊதல் ஊதாமலே வீடு ஆடியது. மேசைக்கடியில் ஒண்டி, ஆட்டம் நின்றதும் ஓடினார்கள். மேட்டில் ஒரே மூட்டம். கீழே அலைச்சத்தம் அடியோடு நின்றுபோயிருந்தது.

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு." "நாலு."

அன்செல்மோ காத்திருந்தான். ஐந்து வரவில்லை.

வெகுநேரம் கழித்து, கீழே வீட்டுப் பக்கமிருந்து, மெல்லியதாக: "அஞ்சு."

"மைத்தே எங்கடா?" என்றான் அன்செல்மோ.

ராமிரோ இழுத்தான். "கேஸ் திருகு இறுகிக்கிச்சு போல. பின்னாடியே வந்துடுவான்னு... அம்மா பயப்படுவாங்களேன்னு நானே அவ குரல்ல நாலு..."

அன்செல்மோ அவனை அடிக்கவில்லை. அந்த அடியில் அவனுக்கும் பங்கு இருந்தது, முப்பது வருடப் பழைய பங்கு. சரிவில் விழுந்தடித்து இறங்கினான்.

"கடல் உள்வாங்கியிருக்குய்யா!" நெலிதா அலறினாள்.

"ஒண்ணு!" என்று மூட்டத்துக்குள் கத்தினான்.

இன்னொரு முறை கத்தினான்.

"நாலு!" மூச்சிரைப்போடு வந்தது. அதை ஒட்டியே, "அஞ்சு."

மூட்டம் சற்றே விலகியது. மைத்தே ஏறி வந்துகொண்டிருந்தாள். இடக்கையில் திருகுசாவி. வலக்கை முன்னே நீண்டிருந்தது, யாரோ பிடித்து இழுப்பதுபோல. அவளுக்கு முன்னால் ஈரமண்ணில் சின்ன வெறுங்கால் தடங்கள், ஒவ்வொன்றாக, அவனை நோக்கிப் பதிந்துகொண்டே வந்தன. கீழே கடல் மறுபடி பேசத் தொடங்கியது.