நாற்பத்தொன்றாம் பக்கம்

இறந்துபோன நீதிபதிக்காக மூன்றாம் எண் கோர்ட் ஹாலில் எழுந்து நின்று செலுத்திய இரண்டு நிமிட மௌனம் பதினான்கு வருஷமும் ஐந்து மாதமும் நீடித்தது. அன்றைக்கு ஹாலில் இருந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். உட்கார இடம் கிடைத்தவர்கள் எண்பது. வக்கீல் சங்கத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இடம் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். எண்பது நாற்காலி இழுபட்டதில் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. தலைவர் இரங்கல் உரையை விரித்துப் படிக்கத் தொடங்கினார். வாய் அசைந்தது, தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது, கை மேஜையை ஓங்கித் தட்டியது, ஒன்றும் கேட்கவில்லை. அரைப் பக்கம் தாண்டிய பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. தான் பேசுவதைத் தானே கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். அந்த உரை போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. எந்த நீதிபதி செத்தாலும் அங்கே அதே உரைதான், பேர் வருகிற வரியை மட்டும் தட்டச்சர் மாற்றுவார். எல்லோருமே எளிமையானவர்கள், எல்லோருமே இளம் வக்கீல்களைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்தவர்கள். அப்படிப் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளைகள் ஏன் வராந்தாவில் நின்று அவர்களை அப்படித் திட்டினார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

ஹாலை விட்டு வெளியே கால் வைத்ததும் எல்லோருக்கும் குரல் திரும்பியது. மறுபடி உள்ளே போனால் போய்விட்டது. முதல் மாதம் மின்சாரக்காரர்கள் வந்து ஒயரையெல்லாம் பிரித்துப் பார்த்தார்கள், அப்புறம் காது டாக்டர், அப்புறம் தலைநகரிலிருந்து ஒரு பொறியாளர். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுவர் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். ஹாலைப் பூட்டிவைக்க மனசு வரவில்லை, ஏனென்றால் இருப்பதிலேயே பெரிய ஹால் அதுதான். ஆகவே வாதத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது என்று ஆயிற்று. பேச்சு இல்லாமல் போனதும் வழக்குகள் வேகமாக முடிந்தன. புதிதாக வந்த நீதிபதிகள் எனக்கு மூன்றாம் ஹால்தான் வேண்டும் என்று போட்டி போட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கிற சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். சில தாய்மார்கள் அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாசலைத் தாண்டியதும் அழுகை நிற்காது, ஆனால் கேட்காது. இரண்டு வருஷத்தில் ஊர் இதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது.

கூட்டம் நடந்த அன்றைக்கு எழுந்து நிற்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தவள் ஒருத்தி. தையல்காரரின் மனைவி. ஒன்பது வருஷத்துக்கு முன் அதே ஹாலில்தான் அவள் புருஷனுக்கு அந்த நீதிபதி பன்னிரண்டு வருஷம் போட்டார். துணிக் கிடங்குக்குத் தீ வைத்து அதில் காவலாளி செத்துப்போனதாக வழக்கு. ஏழாம் வருஷம் தையல்காரர் சிறையிலேயே செத்தார். அவர் செய்யவில்லை என்று சொல்ல வெளி ஆள் யாரும் வேண்டியதில்லை, தீர்ப்பிலேயே எழுதியிருந்தது. நாற்பது பக்கம். சாட்சி பொய், தடயம் இல்லை, கைது முறையில்லை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப்போட்டு, சந்தேகத்துக்கு இடமின்றி எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று நாற்பதாம் பக்கம் முடிகிறது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில், நீதிபதியின் சொந்தக் கையெழுத்தில், ‘ஆகவே எதிரி குற்றவாளி, பன்னிரண்டு ஆண்டு’ என்று இருக்கிறது. அப்பீலுக்குப் போனார்கள். அப்பீல் பார்த்தவர்கள் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்கள். கடைசிப் பக்கம் சரியாக இருந்தது.

படிப்பறியாத அந்தப் பெண் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே அந்தத் தீர்ப்பின் நகலை வைத்துத்தான். அவளுக்கு முதலில் பிடிபட்ட பெரிய சொல் ‘நிரூபிக்கப்படவில்லை’. கருப்புக் கோட்டு போட்ட யாரைப் பார்த்தாலும் நகலை நீட்டுவாள். அவர்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டுவார்கள். செத்தவருக்கு இனி விடுதலை கிடைத்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டவர்களும் உண்டு. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கொலைகாரன் என்று படித்த அதே ஹாலில், இல்லை என்று ஒருவர் சொல்ல வேண்டும்.

அந்தத் தீர்ப்பைப் புகழுக்குக் கொண்டுவந்தவர் சட்டப் பேராசிரியர். நீதிபதிக்கு அவர் ஆசிரியர், ஊரில் பாதி வக்கீல்களுக்கும் அவர்தான் ஆசிரியர். நாற்பதாம் பக்கத்திலிருந்து நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு எப்படிப் போவது என்பதை விளக்கி முந்நூறு பக்கத்தில் புத்தகம் போட்டார். ஆதாரத்தைத் தாண்டி உண்மையைக் கண்ட மனசாட்சி என்று அதற்குப் பேர் வைத்தார். பிள்ளைகள் அதைப் பாடமாகப் படித்தார்கள், தேர்வில் எழுதினார்கள், அவர்களில் சிலர் நீதிபதியாகவும் ஆனார்கள். அவள் ஒருநாள் கல்லூரிக்கே போய் அவரை வழிமறித்தாள்.

“நாப்பதாம் பக்கம் வரைக்கும் வீட்டுக்குப் போலாம்னு இருக்குங்க ஐயா. நாப்பத்தொண்ணுல ஜெயிலுன்னு இருக்கு. நடுவுல என்னங்க ஆச்சு?”

“அந்த நடுவுல இருக்கறதுதாம்மா சட்டம்” என்றார் பேராசிரியர். “அது எல்லாருக்கும் புரிஞ்சுட்டா எங்களுக்கு என்ன வேலை?”

கூட நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

மௌனத்தில் ஓட்டை இருப்பதை நாலாம் வருஷம் கண்டுபிடித்தது பெருக்குகிற அம்மாள். நீதிபதியின் படத்துக்கு அடியில் பெருக்கிக்கொண்டே, கேட்காது என்ற தைரியத்தில், “மத்தியானம் சாப்பிட்டா கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குவாரு, மகராசன்” என்றாள். ஹால் முழுக்கக் கேட்டது. மகராசன் என்ற ஒரு சொல் மட்டும் கேட்கவில்லை. அதன் பிறகு ஆளாளுக்கு வந்து சொல்லிப் பார்த்தார்கள். நீதிபதியைப் பற்றிக் கண்ணால் கண்ட உண்மையாக இருந்தால் கேட்கும், மற்றது கேட்காது. அவருக்கு மூட்டுவலி என்று டிரைவர் சொன்னது கேட்டது. அவர் நேர்மையின் சிகரம் என்று சங்கச் செயலாளர் சொன்னது கேட்கவில்லை. தையல்காரரின் மனைவி நடு ஹாலில் நின்று, என் வீட்டுக்காரர் தீ வைக்கவில்லை என்று தொண்டை கிழியக் கத்தினாள். அதுவும் கேட்கவில்லை. தீப்பிடித்த அன்றைக்கு அவள் அக்கா வீட்டில் இருந்தாள்; கண்ணால் பார்த்தவள் இல்லை. பிறர் சொல்லக் கேட்டது சாட்சியாகாது என்று ஒரு விதி உண்டாம். அந்தக் கட்டடத்தில் அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தது அந்த ஹால் ஒன்றுதான். இப்படிச் சில்லறை உண்மைகளால் மௌனம் கலையவில்லை என்பதால், பெரிதாக ஒன்று உள்ளே கிடக்கிறது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. விளங்கியதும், ஹாலில் நீதிபதியைப் பற்றி யாரும் சோதனைக்காகப் பேசக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள்.

அவள் பதிவறைக்குப் போய், தீர்ப்புத் தாள்களைத் தைத்துவைத்த மூலக் கட்டைப் பார்க்க மனுப் போட்டாள். ஆறு வாய்தா, ஏழு கையெழுத்துக்குப் பிறகு காட்டினார்கள். தையல்காரன் பெண்டாட்டி எழுத்தைப் பார்க்கவில்லை, தையலைப் பார்த்தாள். நேரே ஓய்வு பெற்ற பெஞ்ச் கிளார்க் வீட்டுக்குப் போனாள். அந்த நீதிபதிக்குப் பத்தொன்பது வருஷம் கட்டு தைத்துக்கொடுத்தவர் அவர்.

“அண்ணே, நாப்பது பக்கத்துக்கும் ஊசி ஓட்டை ஒரே கோட்டுல இருக்கு. கடைசிப் பக்கத்துல மட்டும் ஓட்டை அரை விரக்கடை தள்ளி இருக்கு. பழைய ஓட்டைய விட்டுட்டுப் புதுசாக் குத்தித் தச்சிருக்கீங்க.”

தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார் கிளார்க். அவள் மாதம் ஒருதரம் வந்தாள், அதே கேள்வி கேட்டாள், தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

நடந்தது இதுதான். அந்த நீதிபதி யாரையும் நம்பாதவர். தண்டனையா விடுதலையா என்பது முன்கூட்டியே வெளியே போய்விடும் என்று பயந்து, முடிவு எழுதுகிற கடைசித் தாளை மட்டும் சுருக்கெழுத்தரிடம் சொல்லாமல் வீட்டில் தானே எழுதி எடுத்து வருவார். கிளார்க் முதல்நாளே நாற்பத்தோரு தாளையும் ஒன்றாக அடுக்கி ஓட்டை போட்டு, கடைசி வெள்ளைத் தாளை மட்டும் அவரிடம் கொடுத்தனுப்புவார். அன்றைக்கு இரண்டு தீர்ப்பு இருந்தது, இரண்டும் நாற்பது பக்கம். ஒன்று தையல்காரர், இன்னொன்று பங்காளியை அடித்துக் கொன்ற மரக்கடைக்காரர். நீதிபதி இரண்டு கடைசித் தாளையும் ஒரே உறையில் போட்டுக் கொண்டுவந்தார். பேர் எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்று மட்டும் எழுதுவார். மணி அடித்துவிட்டது. தாள் மாறிப்போனதில் ஓட்டை பொருந்தவில்லை, அவசரத்தில் கிளார்க் புதிதாகக் குத்தித் தைத்தார். தையல்காரர் சிறைக்குப் போனார். நாற்பது பக்கமும் கொலைகாரன் என்று சொன்ன மரக்கடைக்காரர் வீட்டுக்குப் போய்ப் பேரன் பேத்தி எடுத்தார்.

மத்தியானமே கிளார்க்குக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டு அறைக்குள் ஓடிப்போய்ச் சொன்னார். நீதிபதி கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைக்கவில்லை. “கையெழுத்துப் போட்டாச்சு. இதப் பிரிச்சா, நீ தச்ச எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லுவான். என்னைச் சாப்பிட விடுப்பா” என்றார். மறுவாரம் பேராசிரியர் கிளார்க்கைத் தனியாகக் கூப்பிட்டு, தச்சது நீதானா என்று கேட்டார். ஆமாங்க என்றார் இவர். “நல்லாத்தான் தச்சிருக்க. அப்படியே இருக்கட்டும்” என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். கிளார்க்கின் மகன் அப்போது அவரிடம்தான் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். படித்து முடித்து அவரிடமே ஜூனியராகவும் சேர்ந்தான். அப்பன் வாய்க்கு அதைவிடப் பெரிய பூட்டு தேவைப்படவில்லை.

பதினாலாம் வருஷம் பேராசிரியருக்குத் தொண்ணூறு நடந்தது. தன் ஆசிரியப் பணியின் நினைவாக மூன்றாம் ஹாலில் பேச ஆசைப்பட்டார். சக்கர நாற்காலியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஒன்றேகால் மணி நேரம் பேசினார். தையல்காரரின் மனைவி முன் வரிசைக்கு வந்து உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவளைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் கேட்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நடுவில் ஒருதரம் அவர் நிறுத்தி உதட்டை நனைத்துக்கொண்டார். பிறகு லத்தீன் மொழியில் ஏதோ சொன்னார் என்று உதடு படிக்கத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஐந்து மாதம் கழித்து அவர் இறந்தார்.

அவருக்கும் மூன்றாம் ஹாலில்தான் கூட்டம் வைத்தார்கள். இரங்கல் உரையைச் சீட்டாகப் போட்டுக் கை மாற்றிக்கொண்டார்கள்; அதே உரை, பேர் மட்டும் வேறு. கடைசியாக ஒரு தீர்மானச் சீட்டு வந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக நினைவுகூரப்பட வேண்டும் என்பதற்காக, புகழ்பெற்ற நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் கட்டிலிருந்து பிரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டுவது என்று இருந்தது. சட்டம் தயாராகவே வந்திருந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். பிறகு எழுந்து நின்றார்கள்.

கிளார்க் மூன்றாம் வரிசையில் நின்றார், பக்கத்தில் மகன். கண்ணாடிக்குள்ளே தாள் ஓரத்தில் இரண்டு வரிசை ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. அவர் பேச ஆரம்பித்தபோது மௌனம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“இந்தத் தாள் அந்தக் கட்டோடது இல்லைங்க. மரக்கடைக்காரர் கட்டோடது. நான்தான் மாத்தித் தச்சேன். அன்னைக்கு மத்தியானமே ஐயாகிட்டச் சொன்னேன். சாப்பிட விடுப்பான்னாரு. புரொபசருக்கும் தெரியும்.”

ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. மகன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது கேட்டது. துணி கிழிந்தது கேட்டது. பிறகு மின்விசிறி கேட்டது, கடிகாரம் கேட்டது, யாரோ ஒருவருக்கு வயிறு உருண்டது கேட்டது. பதினான்கு வருஷத்துக்குப் பிறகு அந்த ஹாலில் எல்லோராலும் பேச முடிந்தது. யாரும் பேசவில்லை.

தையல்காரரின் மனைவி மட்டும் திரும்பிப் பார்த்தாள். “இதச் சொல்ல இருவத்து மூணு வருசமாண்ணே?”

“ஆமாம்மா.”

“தண்ணி குடிக்கிறியா, தண்ணி குடிக்கிறியான்னு கேட்டீங்களே. ஒருநாளு இதக் கேக்க விட்டிருக்கலாம்.”

அதற்கும் அவர் ஆமாம்மா என்றார். மேடையில் இருந்த இப்போதைய நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் முடிந்ததும் உட்கார்ந்தார். ஒரு சீட்டில் எழுதி உதவியாளரிடம் நீட்டினார். ‘பதிவில் சேர்க்க வேண்டாம். அடுத்தது.’ சட்டத்தை ஆணியில் மாட்டினார்கள்.

அவள் அன்று பிற்பகலே பதிவறைக்குப் போனாள். பதிவறைக்காரர் எதற்கு என்று கேட்டார், அவள் ஒளிக்காமல் சொன்னாள். அவர் இரண்டு கட்டையும் எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். மரக்கடைக்காரர் கட்டின் கடைசித் தாளை அவள் பிரித்தெடுத்தாள். ‘ஆகவே எதிரி விடுதலை’ என்று இருந்த தாள். அதைத் தன் புருஷன் கட்டில் நாற்பதாம் பக்கத்துக்குப் பின்னால் வைத்தாள். பழைய ஓட்டை இம்மிகூடத் தள்ளாமல் பொருந்தியது. வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊசியால், புருஷன் கோட்டுக்குப் போடுகிற இரட்டைத் தையலாகப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதன் பிறகு அவள் கோர்ட்டுப் பக்கம் வரவில்லை.

தையல்காரர் இன்று சட்டப்படி விடுதலையானவர். மரக்கடைக்காரரின் கட்டு முடிவில்லாமல் நாற்பதாம் பக்கத்தோடு நிற்கிறது. இரண்டையும் அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. சட்டம் போட்ட பக்கத்தைப் பிள்ளைகள் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போகிறார்கள். மூன்றாம் ஹாலில் இப்போது குரல் நன்றாகக் கேட்கும். ஆனாலும் வழக்குகள் சீட்டில்தான் நடக்கின்றன, அதுவே வசதி என்கிறார்கள். மின்விசிறி ரொம்பச் சத்தம் போடுகிறது என்று மட்டும் போன மாதம் நீதிபதி எழுத்து மூலமாகப் புகார் கொடுத்திருக்கிறார்.